முகப்புப் படம்

"அந்தப் படத்தை எடுத்துடு அண்ணா. இல்லேன்னா நான் இந்த வீட்டை விட்டே போயிடறேன்!"

உள் அறையிலிருந்து அவள் வந்த வேகத்தில் கதவு சுவரில் போய் இடித்தது. ஸ்டூடியோக்காரரின் தங்கை. அண்ணன் எடுத்து வரும் கல்யாணப் படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து திருத்தித் தருவது அவள்தான்.

லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்த வெப் டிசைனர் பெண் திடுக்கிட்டாள். ஸ்டூடியோவுக்காக அவள் செய்திருந்த புது முகப்புப் பக்கம் திரையில் இருந்தது. பக்கம் நிறைய ஒரே படம். மணமகன் காதோரம் ஏதோ சொல்ல, மணமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். கீழே ஒரு வரி, ஒரு பட்டன். அவ்வளவுதான்.

பழைய பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! பாஸ்போர்ட் போட்டோவிலிருந்து பிறந்த நாள் வரை எல்லாப் படமும் ஓட்டமாய் ஓடும். கேட்காமலே பாட்டு வேறு பாடும். எவன் பார்ப்பான்? அத்தனையையும் வழித்துப் போட்டுவிட்டுத்தான் இந்த ஒற்றைப் படத்தை அவள் வைத்திருந்தாள்.

இப்போதுதான் கவனித்தாள். படத்தில் சிரிப்பது எதிரே நிற்கும் இந்தத் தங்கைதான்.

"அட, அக்கா நீங்களா இது? அள்ளிட்டுப் போகுது! இதைப் போய் எதுக்கு எடுக்கச் சொல்றீங்க?"

"பக்கத்துல நிக்கறானே, அவன் என்னை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயாச்சு. அதுக்குத்தான்."

டிசைனர் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பாப்பா, இப்படி உக்காரு" என்றார் ஸ்டூடியோக்காரர். "எதிர்ல புது ஸ்டூடியோ வந்ததுலேர்ந்து நாம ஈ ஓட்டிட்டு இருக்கோம். இந்த சீசனும் போச்சுன்னா கடையை இழுத்து மூட வேண்டியதுதான். உனக்குத் தெரியாததா?"

"அதுக்கு என் படம்தான் கிடைச்சுதா?"

"மேடத்தையே கேளு. ரெண்டு நாள் சோதனைக்கு வேற வேற படமெல்லாம் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டாங்க."

"ஆமாக்கா" என்றாள் டிசைனர். "மத்த படத்தையெல்லாம் தள்ளிட்டுப் போயிடறாங்க. இதைப் பாத்தா மட்டும் நின்னு பட்டனைத் தட்டறாங்க. எங்களையும் இப்படிச் சிரிக்கச் சிரிக்க எடுப்பீங்களான்னு போன் பண்ணிக் கேக்கறாங்க."

"ஏமாந்தவ சிரிச்ச சிரிப்பு. அதைக் காட்டி ஊரைக் கூப்பிடணுமா?"

"வேணும்னா ஒண்ணு பண்ணலாம் சார். அவரை வெட்டிட்டு அக்காவை மட்டும் வெச்சா..."

"ஐயையோ, அது ஆகாது" என்று பதறினார் அவர். "ஒத்தையா நிக்கற பொண்ணைப் பாத்துட்டு யாரு நம்மளைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவாங்க? ஜோடியா இருந்தாத்தான் எடுபடும்."

தங்கையின் முகம் சுண்டிப்போனது. அவர் எழுந்து போய் அவள் தோளில் கை வைத்தார்.

"உன் வயித்தெரிச்சல் எனக்குப் புரியாதா பாப்பா? அந்தப் பயலை நினைச்சா எனக்கே ரத்தம் கொதிக்குது. அவன் பேச்சை இந்த வீட்டுல யாரையாவது எடுக்க விட்டிருக்கேனா? நீ பெட்டியோட வந்து நின்னப்ப ஏன் வந்தேன்னு ஒரு வார்த்தை கேட்டேனா? உன் அண்ணி முணுமுணுத்தப்பக்கூட அவ வாயைத்தானே அடைச்சேன்?"

சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது.

டிசைனருக்கு மனசு உருகிப்போனது. இப்படி ஓர் அண்ணன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். உட்கார வைத்துச் சோறு போடுகிறவருக்காக ஒரு படத்தை விட்டுக்கொடுக்கக் கூடாதா? இந்த அக்காவுக்குக் கொஞ்சம் திமிர்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

தங்கை திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"வெச்சுக்கோ அண்ணா. உனக்கு இல்லாத உரிமையா? கடை நல்லா நடந்தாப் போதும் எனக்கு."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அப்பாடா!" என்று நாற்காலியில் சாய்ந்தார் ஸ்டூடியோக்காரர். "பக்கத்தை ஏத்திடுங்க மேடம்."

"ஒண்ணு பாக்கி இருக்கு சார். படத்துல இருக்கற ரெண்டு பேரோட சம்மதமும் வேணும். நாளைக்கு அவர் வந்து என் படத்தை எப்படிப் போடலாம்னு சண்டை பிடிச்சா, பக்கத்தையே இறக்க வேண்டியிருக்கும். அக்கா சரின்னுட்டாங்க. அவர்கிட்ட எப்படிக் கேப்பீங்க? பேச்சுவார்த்தையே கிடையாதே உங்களுக்குள்ள?"

ஸ்டூடியோக்காரர் உள் அறைக் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நாற்காலியை மெல்ல முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அவர்கிட்டதாம்மா முதல்ல கேட்டேன். எவ்வளவு பெருந்தன்மை தெரியுமா? உடனே சரின்னுட்டார்."

"அக்காவைக் கேக்கறதுக்கு முன்னாடியேவா?"

"இவ வீட்டு ஆள்தானே? எங்க போயிடப் போறா?"

டிசைனர் லேப்டாப்பை விட்டு நிமிர்ந்தாள்.

"அவர் சும்மாவா சார் ஒத்துக்கிட்டார்?"

"இந்தக் காலத்துல யாரும்மா சும்மா ஒத்துக்கறாங்க? அடுத்த மாசம் அவருக்கு மறுபடியும் கல்யாணம். படம், ஆல்பம் எல்லாம் நம்ம செலவுன்னு சொல்லியிருக்கேன். படத்துல புதுப் பொண்ணு முகத்தைத் திருத்தறதுக்கு நம்ம பாப்பாவை விட்டா ஆள் ஏது? வேலை அவ கைக்குப் போற வரைக்கும் மூச்சு விட்டுடாதீங்க."