சம்மனசின் உடுப்பு

கிறிஸ்துமஸ் நாடகத்தில் மகள் ஷெர்லினுக்குச் சம்மனசு வேடம், அதாவது தேவதூதர் வேடம். வேலை முடிந்து வந்த களைப்போடு ஜெசிந்தாவே வீட்டு மெஷினில் உடுப்பும் இறக்கையும் தைத்திருந்தாள். பிரிந்துபோன கணவன் ரொசாரியும் நாடகம் பார்க்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். மேடையில் மகள் கையை விரித்ததும் வெள்ளைப் பட்டில் சரிகை மின்னியது.

“அது ஒன் கல்யாணச் சேலைல்லா?”

“ஆமா.”

“நான் இனி வரவே மாட்டேன்னு வெட்டிட்டியா?”

அவளுக்குச் சண்டை போடவும் தெம்பில்லை. “வெட்டும்போது ஒங்க நெனப்பே வரல. பிள்ளைக்கு அளவு சரியா வரணுமேன்னுதான் இருந்துச்சு.”

அதற்குள் ஆட்டுக்குட்டி வேடத்தில் சின்னப் பிள்ளைகள் மேடையேறினார்கள். எல்லார் தலையிலும் அதே பட்டில் காது வைத்த தொப்பி. ரொசாரி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.