ஸ்டேஷனில் கொடுத்த லட்டு

போலீஸ் ஸ்டேஷனுக்குள் லட்டு டப்பாவோடு நுழைந்த ஆள், கோட்டைப்பட்டினம் பக்கத்திலேயே மரியசெல்வம் ஒருவராகத்தான் இருப்பார். வாசலில் நின்ற போலீஸ்காரரில் ஆரம்பித்து, ஏதோ அடிதடி கேஸில் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவன் வரை ஒருத்தரையும் அவர் விடவில்லை.

"எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க. எம் மகன் சாகலை!"

காலையில் இன்ஸ்பெக்டர் செம்மல் போனில் சொன்னதிலிருந்து மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வழியில் பேக்கரியைப் பார்த்ததும் ஆட்டோவை நிறுத்தி இறங்கிவிட்டார். மனைவி அன்புச்செல்விதான் ஆட்டோவை விட்டு இறங்காமல், முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழட்டும், சந்தோஷத்திலும் அழுகை வரும்தானே என்று அவரும் விட்டுவிட்டார்.

மகன் அருள்தாஸ், கூட்டாளி உதயசூரியனோடு பைக்கில் போனவன். திரும்பி வந்தது உதயசூரியன் மட்டும்தான். சில நாள் கழித்து, கடற்கரையை ஒட்டிய கருவேலங்காட்டில் முகம் சிதைந்த ஓர் உடல் கிடைத்தது. உதயசூரியனைக் கொலைக் கேஸில் உள்ளே வைத்தார்கள்.

புதுக்கோட்டை பிணவறையில் அந்த உடலின் கால் பெருவிரலைப் பார்த்ததுமே அன்புச்செல்வி "அருளு!" என்று விழுந்துவிட்டாள். நங்கூரம் விழுந்து கறுத்துப்போன நகம். மரியசெல்வம் ஒத்துக்கொள்ளவே இல்லை. "நங்கூரம் விழாத காலு நம்ம கடக்கரையில எவனுக்கு இருக்கு?" என்று கத்திவிட்டு வெளியே வந்துவிட்டார்.

அதற்காகத்தான் டி.என்.ஏ. சோதனை. இரண்டு பேரிடமும் ரத்தம் எடுத்தார்கள். "காலப் பாத்துச் சொன்னா பத்தாதா சார்? ரத்தம் எதுக்கு?" என்று அன்புச்செல்வி கேட்டுப் பார்த்தாள். யாரும் காதில் வாங்கவில்லை.

"உக்காருங்க பெரியவரே, நீங்களும் உக்காருங்கம்மா" என்றார் செம்மல். "ரிப்போர்ட் தெளிவா இருக்கு. ஒங்க ரெண்டு பேர் ரத்தத்தோடயும் ஒத்துப்போகலை. அது ஒங்க பையன் இல்லை."

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே சார்! எங்கயோ கேரளாப் பக்கம் போட்டுல மீன்புடிக்கப் போயிருப்பான். எங்கிட்டக் கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கான், வந்துருவான். எங்க ரத்தம் சார், அது பொய் சொல்லுமா?"

சந்தோஷம் வந்தால் பேச்சுக்கு அணை ஏது? கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

"அவன் பொறந்தப்ப நான் பஹ்ரைன்ல மீன்புடிச்சிக்கிட்டுக் கெடந்தேன் சார். நடக்கப் பழகி, பேசப் பழகின பெறகுதான் புள்ள மொகத்தையே பாத்தேன். என்னையப் பாத்து மெரண்டு இவ சேலைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டான். 'நான் ஒங்கப்பன்டா, வாடா'ன்னா அழுகுறான்!"

சொல்லும்போதே அவர் கண் நிறைந்தது. அன்புச்செல்வி தன் கையிலிருந்த லட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விள்ளல்கூடப் பிட்டிருக்கவில்லை.

"உதயசூரியனை இனிமே உள்ள வச்சிருக்க முடியாது. ரெண்டொரு நாள்ல விட்டுருவாங்க" என்றார் செம்மல்.

"பாவம் சார் அந்தப் பய. வழியில அவன் ஆத்தாவப் பாத்தப்பல்லாம் மண்ண வாரித் தூத்துனேன். வெளிய வரட்டும், நானே போயி அவன் வாயில ஒரு லட்டு வைக்கிறேன்."

அன்புச்செல்வியின் உடம்பு ஒருதரம் தூக்கிப் போட்டது. மரியசெல்வம் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

செம்மல் ஒரு தாளை நகர்த்தினார். "இந்த உடம்பு எங்க பையனோடது இல்லைன்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுருங்க. வேற யாரும் தேடி வரலை. அநாதைப் பிணம்னு நாங்களே நாளைக்கு அடக்கம் பண்ணிருவோம்."

"எந்தத் தாயி பெத்த புள்ளையோ, ஆண்டவரே!" நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு மரியசெல்வம் பேனாவை எடுத்தார்.

பேனா தாளில் படவில்லை. அன்புச்செல்வி அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"போடாதீங்க. அந்த ஒடம்ப எங்கிட்டக் குடுக்கச் சொல்லுங்க."

"ஏ புள்ள, என்ன பேசுற? அதான் ரத்தமே சொல்லிருச்சுல்ல?"

"அது என்னத்தச் சொல்லும்? ஒங்க புள்ள வயித்துலயே செத்துருச்சுங்க. நீங்க கடல் தாண்டிக் கெடந்தீங்க, எப்புடிச் சொல்லுவேன்? வாய் வரலைங்க, கடைசிவரைக்கும் வரலை."

மரியசெல்வத்துக்கு அவள் சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. லட்டு டப்பாவை மடியோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார். அன்புச்செல்வி இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள்.

"அநாதையாத்தான் சார் அருளு எங்கைக்கு வந்தான். திரும்ப அநாதையா அனுப்பாதீங்க."