சிவப்புக் கப்பு

சிவப்புக் கப்பு! தெருமுனையில் சைக்கிளை விட்டு இறங்கும்போதே இம்கேயின் கண்ணில் அதுதான் பட்டது. அது இருந்தது அவள் புருஷன் ஹென்னிங்கின் கையில்.

டிசம்பர் பிறந்துவிட்டால் கிறிஸ்துமஸ் வரைக்கும் அந்தத் தெருவில் சாயங்காலத்துக்கு ஒரு வீடு என்று முறை. முறை வந்த வீட்டில் ஜன்னலை ஜோடித்துத் திறப்பார்கள். தெருவே வாசலில் கூடி, பனியில் நின்று பாடி, சூடாகக் குடித்துவிட்டுப் போகும். பெரியவர்களுக்குப் பட்டையும் கிராம்பும் போட்டுச் சுடவைத்த திராட்சை மது, சிவப்புக் கப்பில். பிள்ளைகளுக்கு அதே மசாலா போட்ட பழச்சாறு, நீலக் கப்பில். இரண்டும் ஒரே நிறம் என்பதால் கப்பில்தான் அடையாளம்.

இன்று ரோஸ்விதா வீட்டு முறை. அதனாலேயே இம்கேக்குக் காலையிலிருந்து வேலையில் மனசு ஓடவில்லை. எந்த வீட்டு ஜன்னலானாலும் ரோஸ்விதா சிவப்புக் கப்பும் கையுமாகத்தான் நிற்பாள். சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"பேக்கரி வேலை முடிஞ்சு வந்துடறேன், சேர்ந்தே போகலாம்" என்று ஹென்னிங்கிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கேட்கவில்லை.

மகள் மெர்லே நீலக் கப்போடு ஓடிவந்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு இது மூணாவது கப்பு! ரோஸ்விதா அத்தை கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊத்தித் தராங்க."

இம்கேக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குடியை விடுவதற்காக ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுப் போன வாரம்தான் வந்திருக்கிறான். 'ஒரு வாய் உள்ளே போனாலும் பழைய கதைதான்' என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். தெருவுக்கு மட்டும், கடற்கரை ஊரில் முதுகுவலிக்கு வைத்தியம் என்று சொல்லி வைத்திருந்தாள்.

"வாம்மா இம்கே!" பக்கத்து வீட்டு எக்கார்ட் கத்தினார். "உன் வீட்டுக்காரன் முதுகைப் பாரு, கப்பைத் தூக்கத் தூக்க நிமிர்ந்துக்கிட்டே போகுது!"

எல்லாரும் சிரித்தார்கள். ஹென்னிங்கும் சிரித்தான். அவன் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அதுவும் அவளுக்குப் போதைச் சிரிப்பாகத்தான் தெரிந்தது.

"வீட்டுக்கு வா" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"இரேன். இன்னும் பாட்டே ஆரம்பிக்கலை."

அதற்குள் ரோஸ்விதா சமையலறை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். பானைகளெல்லாம் உள்ளே. கப்பு மட்டும்தான் வெளியே வரும்.

"தம்பி, கப்பு காலியா? குடு, ஊத்தித் தரேன்."

அவ்வளவுதான். இம்கே பாய்ந்து கப்பைப் பிடுங்கி, மிச்சத்தைப் பனியில் கொட்டினாள்.

"உங்களுக்கு மனசாட்சி இருக்கா? நீங்க குடிச்சுக் கெட்டா கெடுங்க. கூட ஒரு ஆள் வேணும்னா என் புருஷன்தான் கிடைச்சானா?"

"இம்கே, அது வந்து..." என்றான் ஹென்னிங்.

"நீ பேசாதே! குடியை விடணும்னு மூணு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தியே, அதுக்கா? ஒத்தை ஆளா பிள்ளையை வச்சுக்கிட்டு நான் பட்ட பாடெல்லாம் இதுக்கா?"

எக்கார்ட் தன் கையிலிருந்த கப்பைப் பார்த்தார். யாரோ, "அப்போ முதுகுவலி இல்லையா?" என்று கிசுகிசுத்தது எல்லாருக்கும் கேட்டது.

ஹென்னிங் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அந்த நிமிர்ந்த முதுகு இம்கேயின் கண்ணெதிரிலேயே கூனிப்போயிற்று.

ரோஸ்விதாவின் முகம் சிவந்திருந்தது. "முடிச்சிட்டியா?" என்று கேட்டாள். "உன் புருஷன் வந்ததும் முதல்ல என்ன கேட்டான் தெரியுமா? 'அக்கா, பசங்க பானையிலேருந்து ஊத்துங்க, ஆனா நீலக் கப்புல வேணாம்'னு கேட்டான். மூணு கப்பும் அதுதான்."

இம்கே நம்பாமல் அவளையே முறைத்தாள்.

"நம்பிக்கை இல்லையா? இந்தா, இது என்னோடது. அதே பானைதான். குடிச்சுப் பாரு."

ஜன்னல் வழியாக நீட்டிய சிவப்புக் கப்பை வாங்கி இம்கே ஒரு வாய் குடித்தாள்.

ஆப்பிளும் செர்ரியும் பட்டையும். பழச்சாறேதான்.

"அக்கா... நீங்க எதுக்கு இதை..."

ரோஸ்விதா தெருவைப் பார்த்து, கடைசி ஆள்வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. நானும் குடியை விடறதுக்காக அதே கடற்கரை ஊர் ஆஸ்பத்திரியில கிடந்துட்டு வந்தவதான். எத்தனையோ வருஷம் ஆச்சு. சும்மா நின்னா ஏன் குடிக்கலைன்னு நோண்டுவீங்க. குடிச்சா கூடச் சேர்ந்து சிரிப்பீங்க. அதனாலதான் குடிகாரின்னு பேரெடுத்தாலும் பரவாயில்லைன்னு சிவப்புக் கப்போட நின்னேன். மத்த வீட்டுலயும் நானே உள்ளே போய்ப் பசங்க பானையிலேருந்துதான் ஊத்திக்குவேன். நான் விட்டுட்டேன்கிறது இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது."

வாசலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஜன்னலை விட்டு நகர்ந்த ரோஸ்விதா இரண்டு நீலக் கப்பில் ஆவி பறக்க ஊற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஒன்றைத் தன் கையில் வைத்துக்கொண்டு, மற்றொன்றை ஹென்னிங்கிடம் நீட்டினாள்.

"தலையைத் தூக்கு தம்பி. நீ ஒருத்தன் மட்டும் எதுக்கு எல்லார் வாயிலயும் விழணும்? நானும் இருக்கேன்ல."