பௌர்ணமிக்குப் பின் வரும் போலி

"அக்கா, நாம இன்னும் வெளியிடாத கருவி சந்தையில தொங்குது!"

கியெம் மூச்சிரைக்க ஓடிவந்து அதை மேசைமேல் வைத்தான். இறால் குளத்தில் முக்கினால் தண்ணீரின் உப்பைச் சொல்லும் கருவி. வியட்நாமின் கான்தோ நகரத்தில், ஏன், மூவுலகிலும் அவன் ஒருவன்தான் ஒரு வருடம் கண்மூடாமல் அதை உருவாக்கியவன்.

முதலாளியம்மா உயென் தொடவில்லை. நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

"மூணாவது வருஷமா நம்ம புதுச் சரக்குக்குப் போலி வருதுடா தம்பி. மூணு தடவையும் ஆவிங்க பூமிக்கு வர்ற பேய் மாசத்துப் பௌர்ணமி முடிஞ்சு பத்தே நாள்ல!"

"ஆராய்ச்சி அறைக்கு மூணு பூட்டு. சாவி நம்ம ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு."

"பேய்க்குப் பூட்டு எதுக்கு?"

கியெம் சிரித்தான். கருவியைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே, எறும்புக்கால் அளவு எழுத்தில், அவன் மகள் பெயர். தன் அசல் கருவிக்குள் அவனே ஆசைக்கு எழுதியது. யாரிடமும் சொன்னதில்லை.

பிடரி மயிர் ஒவ்வொன்றும் எழுந்து நின்றது.

"போதும்" என்றாள் உயென். "நாம ஆராய்ச்சிக்குப் பணத்தைக் கொட்டுவோம், எவனோ கால் விலைக்கு விப்பானா? இனி ஒரு டாங் காசு கிடையாது. நாளைக்கு அறையை மூடு. நீயும் வேற வேலை பாத்துக்க."

கியெம் சந்தைக்குப் பறந்தான். கருவி விற்ற கடைக்காரன் சாவகாசமாகப் புகை விட்டான்.

"யார்யா கொடுத்தது?"

"யாரும் கொடுக்கல அண்ணே. உங்க கம்பெனி வாசல்லதான் எடுத்தேன்."

"உள்ள அந்தப் பேரு?"

"அது இல்லாட்டி ஓடாதோன்னு அதையும் போட்டோம்."

"வாசல்ல எப்படிக் கிடைச்சது?"

"பௌர்ணமியன்னிக்குப் பசிச்ச ஆவிகளுக்கு உங்க முதலாளியம்மா படையல் தட்டு வெச்சாங்கல்ல? ஊதுபத்தி அணைஞ்சதும் வழக்கப்படி அதை ஊரே அள்ளிக்கிட்டு ஓடும். மத்தவனுக்குச் சர்க்கரைவள்ளி, பொரி. எனக்கு வருஷா வருஷம் உங்க புதுக் கருவி!"

கியெம் திரும்பி ஓடினான்.

"அக்கா! படையல்ல கருவியையா வெச்சீங்க? பேய்க்குன்னா அது மாதிரி காகிதத்துல செஞ்சு எரிக்கறதுதானே வழக்கம்?"

உயென் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"புதுச் சரக்கைக் காப்பாத்துன்னு வேண்டிக்கிட்டு, பேய்க்கே போலியைக் கொடுக்கச் சொல்றியா? உன் அறையிலேர்ந்து அசலையே எடுத்து வெச்சேன்!"