ரப்பர் தவளை

சமையலறை மேசைமேல் தூண்டில் கோல்களைப் பரப்பி வைத்து, வெர்னா ஒரு ரப்பர் தவளையை எடுத்துத் தூண்டில் நரம்பில் இரையாகக் கட்டினாள். எதிரே அவள் கணவன் கிளைட் ஜன்னலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

ஊரிலிருந்து வந்திருந்த தங்கை ஓபல் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏன்க்கா, ஏரி கலங்கிப்போய் ஜில்லுனு கிடக்கு. இந்தக் குளிர்ல எந்த பாஸ் மீன் மேல வந்து தவளையைக் கவ்வும்?"

"எல்லாம் கவ்வும். மெல்லிசு நரம்பே போதும்."

"பாசியில சிக்கினா பட்டுனு அறுந்துடும்! அத்தான், இந்தக் கூத்தைப் பாருங்களேன்."

கிளைட் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, கோலுக்கு மேலே நிற்கவேண்டிய, நரம்பு சுற்றும் ரீலை வெர்னா தலைகீழாக மாட்டினாள்.

நாற்காலி கிறீச்சிட்டது.

"அடியே... ரீலு... தலைகீழா இருக்குடி! தவளையைத் தூக்கி... எறி. சிவப்பு பொம்மை மீனைக் கட்டு!"

நாக்கு குழறியது. ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

ஓபல் வாய்பிளந்து நின்றாள். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்த நாளிலிருந்து, அத்தான் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இதுதான். டாக்டரே கையை விரித்துவிட்டிருந்தார்.

வெர்னா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கென்னங்க தெரியும்? எந்தச் சிவப்பு மீன்? இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டாள், அந்த ஏரியின் மீன்பிடிப் போட்டியில் வருஷம் தவறாமல் கோப்பை வாங்குகிறவள்.