கப்பல் மூழ்கிய பாடம்

"பனிப்பாறை இருக்குன்னு தகவல் மேல தகவல் வந்துச்சு. கப்பல் வேகத்தைக் குறைக்கலை. அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும்."

பயிற்சி கொடுக்க வந்தவர் பேசி முடித்ததும் முதலாளி எழுந்தார்.

"நம்ம கம்பெனியிலயும் எனக்குத் தெரியாத பனிப்பாறை இருக்கலாம். இருந்தா சொல்லுங்க. யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

கிடங்கு ஆட்கள் மொத்தமும் தரையைப் பார்த்தார்கள்.

அவர்களில் லிப்ட் ஆபரேட்டரும் ஒருவர். சரக்கு லிப்டின் கம்பிக் கயிறு இழை இழையாகப் பிரிந்துகொண்டிருந்தது. மேனேஜரிடம் சொல்லிப் பார்த்துவிட்டார்.

"இந்த ஆர்டர் போகட்டும். அதுக்குள்ள வாயைத் திறந்தா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்று பதில் வந்தது.

அந்த மேனேஜர் இப்போது முன்வரிசையில். வகுப்பு முடிந்ததும் மூட்டைகளோடு அதே லிப்டில் ஏறப்போகிறவனோ, ஆபரேட்டரின் சொந்த மருமகன்.

"என்ன, ஒருத்தர்கூட இல்லையா?"

"சொல்லச் சொல்லுவார். சொன்னா சீட்டைக் கிழிப்பார்," என்று மருமகன் காதைக் கடித்தான். "பேசாம இருங்க மாமா."

அப்போது பின்னால் ஒருவர் எழுந்தார். முதலாளியின் கார் டிரைவர்.

"பனிப்பாறையே நீங்கதான் சார்! குறை சொல்ல வந்தா சிடுமூஞ்சியைக் காட்டித் துரத்துறீங்க. அப்புறம் யார் வாயைத் திறப்பாங்க?"

"போச்சு! ஆள் காலி!" என்றான் மருமகன்.

முதலாளியின் முகம் சிவந்தது.

"நீங்க சொன்னது நிஜம். திருத்திக்கிறேன். உட்காருங்க."

தான் எப்படி எழுந்தோம் என்று ஆபரேட்டருக்கே தெரியவில்லை.

"சார்... சரக்கு லிப்ட் கயிறு அறுந்துகிட்டு வருது. இன்னிக்கு யாரும் ஏறக் கூடாது சார்."

மேனேஜர் திரும்பி முறைத்தார்.

"லிப்டை உடனே நிறுத்துங்க," என்றார் முதலாளி. "ஆர்டர் தாமதமானா நான் பேசிக்கிறேன்."

வெளியே வந்ததும் ஆபரேட்டர் டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, உங்க தைரியம் யாருக்கு வரும்!"

"தைரியமா? அட, நீங்க வேற! காலையில கார்ல வரும்போது அவரே சொல்லிக் கொடுத்தது. சிடுமூஞ்சி மட்டும்தான் என் சொந்தச் சரக்கு."

"தன்னைத் தானே திட்டச் சொன்னாரா? எதுக்கு?"

டிரைவர் குரலைத் தாழ்த்தினார்.

"'என் முகத்துக்கு நேரா பேசின ஒருத்தன் வேலை போகாம உட்கார்ந்திருக்கிறதை முதல்ல அவங்க பார்க்கட்டும். அப்புறம்தான் உண்மை வெளியே வரும்'னார்."