காட்டின் முகப்பு

சிட்லபாக்கம் மொட்டை மாடியில் வெயில் சாய்ந்துகொண்டிருக்கிறது. அகலமான மண்தட்டில் ஏழு குட்டி போன்சாய் மரங்களை நட்டுக் காடு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருக்கிறான் சாலமன். எதிரே, பூவாளியில் சாய்த்து வைத்த போனில், மஸ்கட்டிலிருந்து மனைவி பிளஸ்ஸி பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் அங்கே நர்ஸ் வேலைக்குப் போன ஆறு வருஷத்தில் அவன் ஒவ்வொன்றாக வளர்த்த மரங்கள். காட்டுக்கு முகப்பு உண்டு; அதை அவள் பக்கமாக வைத்திருக்கிறான். அவன் முக்காலியிலிருந்து பார்த்தால் முதுகுதான் தெரிகிறது.

"ஆலுக்குத் தண்ணி நிறைய வேணும், புளிக்கு ஆகாது. ரெண்டையும் ஒரே தட்டுல வச்சா எப்படிங்க?"

"புளியை மேட்டுல வச்சிருக்கேன். தண்ணி வடிஞ்சிடும்."

"அந்த நடு மரத்தை மட்டும் கொஞ்சம் தள்ளுங்க."

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"உங்க முகத்தை மறைக்குது."

"காட்டைப் பாக்கச் சொன்னா என்னைப் பாக்குற" என்று முணுமுணுத்தபடியே வேரோடு பெயர்த்துத் தள்ளி வைக்கிறான். ஆலுக்கும் புளிக்கும் நடுவே ஒரு வழி விழுகிறது. குச்சியால் மண்ணைக் குத்தி இறக்குகிறான்.

"டூட்டிக்கு நேரமாச்சுங்க."

திரை அணைகிறது. தாம்பரம் போகிற ரயிலின் சத்தம் வந்து தேய்கிறது. தட்டைத் தன் பக்கம் திருப்பலாமென்று விளிம்பைப் பிடிக்கிறவன், விட்டுவிடுகிறான். மண் கையோடு சுற்றி வந்து போனுக்குப் பக்கத்தில் குந்துகிறான். புதிதாக விழுந்த வழி நேராகப் போகிறது. அதன் கோடியில் அவனுடைய முக்காலி காலியாக இருக்கிறது.